மூடி துடைத்த வியாழக்கிழமை

8 அக்டோபர் 1996, செவ்வாய்

பாஹுவா கண்ணு,

உறையில் என் கையெழுத்தைப் பார்த்தால் நேராகக் குப்பையில் போடுவாய் என்றுதான் முகவரியைத் தட்டச்சு செய்து ஒட்டினேன். ஏமாற்று வேலைதான். திறந்துவிட்டாய் அல்லவா, இனி ஒரு பக்கமாவது படி.

நாம் பேசி ஐந்து மாதம் ஆகிறது. மே மாதம் கல்லூரியில் கார் நிறுத்தும் இடத்தில் வைத்து நான் கேட்டதை நீ மறந்திருக்க மாட்டாய். "ஏன்டி, எங்கிட்ட கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே, எதுக்குத் திருட்டுத்தனமா என் நோட்டப் பாத்த?" என்றேன். நீ வாயே திறக்காமல் உன் அண்ணன் வண்டியில் ஏறிப் போய்விட்டாய். நானும் விட்டுவிட்டேன். பேசாமல் போனதே ஒப்புக்கொண்ட மாதிரிதான் என்று நினைத்தேன்.

வேறு எப்படி நினைப்பது, சொல். நுண்ணுயிரியல் வகுப்பில் திருமதி ப்ரூயிட் ஆளுக்கொரு குழாய் கொடுத்தார். உள்ளே என்ன கிருமி என்று சொல்ல மாட்டார், எண் மட்டும்தான். ஆறு வாரம் சோதித்து நாமே பெயரைக் கண்டுபிடிக்க வேண்டும். எனக்குப் பதினேழு, உனக்கு இருபத்து மூன்று. ஒரே மேசை, ஒரே இன்குபேட்டர் தட்டம். கடைசியில் இரண்டு பேரும் எழுதிய பெயர் ப்ரோட்டியஸ். எனக்குச் சரி, உனக்குத் தப்பு. உன் குழாயில் இல்லாத கிருமியின் பெயர் உன் அறிக்கையில் எப்படி வந்தது? என் நோட்டிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று சின்னப் பிள்ளை கூடச் சொல்லும்.

இன்று காலை வரை நானும் அந்தச் சின்னப் பிள்ளையாகத்தான் இருந்தேன்.

இங்கே பல்கலைக்கழக லேபில் எங்களை மேய்க்கிறவளுக்கு என் மூத்த மகள் வயது. நான் கிருமி வளர்த்த தட்டுகளை இன்குபேட்டரிலிருந்து வெளியே எடுத்தேன். மூடிகளில் ஈரம் கோத்திருந்தது. ஒரு காகிதத் துண்டை எடுத்து வரிசையாகத் துடைத்தேன். அவள் ஓடி வந்தாள். "என்ன பண்றீங்க லிண்டா?" "துடைக்கிறேன்மா, வேர்த்திருக்கே." "ஒரே காகிதத்தாலயா? ஐயோ! அந்தத் தண்ணிக்குள்ள என்னென்ன நீந்திக்கிட்டிருக்கோ, எல்லாத்தையும் எல்லாத்துக்கும் பூசிட்டீங்களே!"

வகுப்பே திரும்பிப் பார்த்தது. எனக்கு வெட்கமாக இல்லை பாஹுவா. உன் தட்டுதான் நினைவுக்கு வந்தது.

நான் பதினாறு வருடம் சீஸ் ஆலையில் நின்றவள். அதற்கு முன், நான் பிறந்த சாவ் ஜார்ஜ் தீவில் எங்கள் வீட்டு நிலவறையில் சீஸ் அடுக்கியவள். சீஸ் வேர்த்தால் துடைக்க வேண்டும், இல்லையென்றால் ஏச்சு விழும். ஈரத்தைக் கண்டால் என் கை என்னைக் கேட்பதில்லை. அங்கே நம் லேபிலும் துடைத்திருக்கிறேன். என்னுடையதை மட்டும் இல்லை, உதவியாக இருக்கட்டும் என்று உன்னுடையதையும்.

இப்போது மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. நடந்தது அதுதானா என்று முதலில் தெரிய வேண்டும். உன் நோட்டை எடுத்துப் பார். ஆரம்பத்தில் உன் தட்டில் என்ன இருந்தது?

லிண்டா


14 அக்டோபர் 1996

திருமதி டியோலிண்டா போர்பா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பதில் எழுதுவதாக இல்லை. ஆனால் சில விஷயங்கள் தெரியாமல் என்னால் இயற்பியல் கணக்குப் போட முடியவில்லை.

யாருடைய தட்டை முதலில் துடைத்தீர்கள்? உங்களுடையதை முதலில் என்றால், உங்கள் கிருமி என்னிடம் வந்திருக்கலாம். என்னுடையதை முதலில் என்றால் உங்கள் விளக்கம் நிற்காது. மூடியை மட்டும் துடைத்தீர்களா, விளிம்பையுமா? எந்தத் தேதி? உத்தேசமாகச் சொல்ல வேண்டாம்.

என் நோட்டில் இருப்பது இது. மார்ச் 12, செவ்வாய்: சாயம் போட்டுப் பார்த்ததில் ஊதா நிறம், உருண்டைகள், நாலு நாலாக. தட்டில் சின்ன மஞ்சள் புள்ளிகள். மார்ச் 19, செவ்வாய்: இளஞ்சிவப்பு, குச்சி வடிவம். தட்டு முழுவதும் அலை அலையாகப் படர்ந்திருந்தது, நாற்றம். முதல் சாயத்தை நான்தான் சொதப்பிவிட்டேன் என்று நினைத்து அந்த வரியைக் கோடு போட்டு அடித்திருக்கிறேன். இடையில் மார்ச் 14, வியாழக்கிழமை எனக்குப் பல் பிடுங்கியது. வகுப்புக்கு வரவில்லை.

நீங்கள் இருக்கும் பல்கலைக்கழகத்தில் எனக்கும் ஓர் இடம் எழுதித் தந்திருந்தார்கள், உங்களுக்கு நினைவிருக்கும். நுண்ணுயிரியலில் B வாங்க வேண்டும் என்பது ஒரே நிபந்தனை. அறிக்கைக்குப் பூஜ்யம் விழுந்ததால் C வந்தது. D வந்திருந்தால் பாடத்தைத் திரும்ப எடுக்கலாம். C வந்தால் திரும்ப எடுக்க விடமாட்டார்கள், அது தேறிய மதிப்பெண்ணாம். இதை விசாரிக்க நான் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. ஆசிரியரே மாற்றினால்தான் உண்டு. அடுத்த ஆண்டுக்கான விண்ணப்பம் நவம்பர் முப்பதோடு முடிகிறது.

எனவே தேதி முக்கியம்.

பா. லோர்


20 அக்டோபர் 1996, ஞாயிறு

அன்புள்ள பாஹுவா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஒரு "எப்படி இருக்கிறீர்கள்" கூட இல்லை. பரவாயில்லை, கேள்வி கேட்டாயே அதுவே போதும். நீ கேள்வி கேட்பதை நிறுத்தினால்தான் எனக்குப் பயம்.

நான் நன்றாக இருக்கிறேன், நீ கேட்காவிட்டாலும் சொல்வேன். வாரம் நாலு நாள் இங்கே ஒரு சின்ன அறை, வெள்ளி மாலை வீட்டுக்குக் கார் ஓட்டிப் போகிறேன். வகுப்பில் முந்நூறு பேர். முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும் முன்வரிசைப் பிள்ளைகள் பேச்சை நிறுத்திப் பேனாவை எடுத்தார்கள். பேராசிரியர் என்று நினைத்துவிட்டார்கள்! நானும் ஒரு நிமிடம் கெத்தாக நின்றுவிட்டுத்தான் உட்கார்ந்தேன். அங்கே நம் லேபில் இருபத்து நாலு பேர், ப்ரூயிட்டுக்கு எல்லோருடைய பெயரும் தெரியும், யாருக்கு என்ன வேலை, யார் குழந்தையை எங்கே விட்டுவிட்டு வருகிறார்கள் என்பது வரைக்கும் தெரியும். இங்கே நான் ஓர் எண். குழாய்க்குள் போன மாதிரி இருக்கிறது.

சரி, உன் கேள்விகள். என் நோட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். ப்ரூயிட் என்ன சொல்வார்? "செஞ்சத எழுதுங்க, எழுதாதது நடக்கவே இல்ல." நான் சொன்ன பேச்சைக் கேட்கிற மாணவி. மார்ச் 14, வியாழன், என் கையெழுத்தில் அப்படியே இருக்கிறது: "தட்டுகள் வேர்த்திருந்தன. என்னுடையதைத் துடைத்தேன், பிறகு பா.வுடையதையும். அவள் இன்று வரவில்லை."

என்னுடையதுதான் முதலில். மூடியின் உள்பக்கமும் விளிம்பும். அந்தப் பழுப்பு நிறக் காகிதத் துண்டு, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே உருளையில் தொங்குமே, அதில் ஒன்றே ஒன்று. வீணாக்கக் கூடாது என்று ஒன்றே ஒன்று.

அதைப் படித்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். நீ என் நோட்டைத் தொடவே இல்லை.

இனி சொல்லப் போவது உனக்குப் பிடிக்காது. இங்கே பால் நுண்ணுயிர் லேபில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. சீஸைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அங்கே வேலைக்கு ஆகும். பரிந்துரைக் கடிதம் ப்ரூயிட் எழுத வேண்டும், டிசம்பர் நடுவில் அனுப்புவார். மூடியைத் துடைக்காதே என்று அவர் என்னை மூன்று முறை எச்சரித்திருக்கிறார். மூன்றாவது முறை, "இன்னொரு தடவை பாத்தேன், லேப்ல கால் வைக்க விடமாட்டேன்" என்றார். இப்போது போய் இந்தப் பக்கத்தைக் காட்டினால் அவர் என்ன எழுதுவார் என்று உனக்கே தெரியும்.

ஜனவரி வரை பொறுக்க முடியாதா? விண்ணப்பத்தை இப்போதைக்கு C என்றே போட்டு அனுப்பிவிட்டு, பிறகு திருத்தலாம் அல்லவா? ஜனவரியில் நானே வந்து ப்ரூயிட்டிடம் பேசுகிறேன். சத்தியமாக.

லிண்டா


2 நவம்பர் 1996, சனி

திருமதி போர்பா அவர்களுக்கு,

திருத்த முடியாது. விசாரித்துவிட்டேன். நவம்பர் முப்பது அன்று மதிப்பெண் எழுத்து என்னவோ அதைத்தான் பார்ப்பார்கள்.

உங்கள் கடிதம் வந்த பிறகு நான் செய்ததை வரிசையாக எழுதுகிறேன்.

இந்த செமஸ்டர் திங்களும் புதனும் லேபில் கண்ணாடிச் சாமான் கழுவுகிறேன். ப்ரூயிட் எதையும் தூக்கி எறிய மாட்டார். பெரிய குளிர்பெட்டியில் நம் வகுப்புக் குழாய்கள் கீழ்த்தட்டில், பின்னால், அப்படியே இருக்கின்றன. நான் தொடவில்லை. தொட்டால் மாற்றி வைத்தேன் என்பார்கள். செவ்வாய்க்கிழமை அவர் அறைக்குப் போய், "இருபத்து மூணும் பதினேழும் எனக்கு வேணும், நீங்களே உங்க கையால தட்டுல தடவிக் குடுங்க" என்றேன்.

"எதுக்கு?"

"ஒரு தப்பைத் திரும்பச் செஞ்சு பாக்கணும்."

அவருக்கு ஆர்வம் வந்துவிட்டது. உங்களுக்குத் தெரியுமே, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார். உங்கள் பெயரைச் சொல்லாமல், மூடி துடைத்தால் என்ன ஆகும் என்று மட்டும் சொன்னேன். ஆறு தட்டுகள். இரண்டில் பதினேழை முதலில் துடைத்துவிட்டு அதே காகிதத்தால் இருபத்து மூன்றைத் துடைப்பது. இரண்டில் தலைகீழாக. இரண்டைத் துடைக்காமலே விடுவது. அதே பழுப்புக் காகிதம். நேரம்கூட நாம் அன்று வைத்த மாதிரியே.

சம்மதித்தார். பிறகு சொன்னார், "பாஹுவா, இதனால நடக்கலாம்னு காட்டுவ. நடந்துச்சுன்னு எப்படிக் காட்டுவ? உன் மேல எனக்கு எப்பவும் நல்ல எண்ணம்தான். ஆனா கூட வேலை செஞ்சவங்களே சொல்றப்ப நான் என்ன பண்ண?"

"யாரு, என்ன சொன்னாங்க?"

"மேசையில அவங்க நோட்டு திறந்தே கிடந்துச்சாம். நீ பக்கத்துல தனியா இருந்தியாம். நானா கேக்கல, அவங்களா வந்து சொன்னாங்க."

நீங்களாகப் போய்ச் சொல்லியிருக்கிறீர்கள்.

கார் நிறுத்தும் இடத்தில் நீங்கள் கேட்டபோது நான் வாயைத் திறக்காதது ஒப்புக்கொண்டதால் இல்லை. அழுகை வந்துவிடும் என்று. எங்கள் வீட்டில் வெளி ஆள் முன்னால் அழ மாட்டோம். நீங்கள் வெளி ஆள் இல்லை என்று அதுவரை நினைத்திருந்தேன், அந்த நிமிடம்தான் தெரியவில்லை, அழலாமா கூடாதா என்று.

என் சித்தப்பா மகள் மீ இப்போது அதே வகுப்பில் இருக்கிறாள். அவளைத் தனி மேசையில் உட்கார வைத்திருக்கிறார்கள். அவளும் லோர் குடும்பம் அல்லவா. அவள் என்னிடம் கேட்கிறாள், "நான் என்னக்கா பண்ணேன்?" அவளுக்கு நான் என்ன சொல்ல? நீங்களே சொல்லுங்கள்.

செவ்வாயன்றே ப்ரூயிட் தட்டுகளைப் போட்டார், வியாழக்கிழமை மூடிகளைத் துடைத்து வைத்தோம். என்ன வரும் என்று இன்னும் தெரியாது. அந்த மார்ச் 14 பக்கம் இல்லாமல் என்ன வந்தாலும் பிரயோஜனம் இல்லை. பக்கம் உங்களிடம் இருக்கிறது. அதை அனுப்புவதும் கிழிப்பதும் உங்கள் இஷ்டம். நான் கெஞ்ச மாட்டேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான். ஏன் போய்ச் சொன்னீர்கள்?

பா. லோர்


6 நவம்பர் 1996

பாஹுவா,

நோட்டு முழுவதையும் இன்று பதிவுத் தபாலில் ப்ரூயிட்டுக்கு அனுப்பிவிட்டேன். பக்கத்தை மட்டும் கிழித்து அனுப்பினால் சந்தேகம் வரும். கூடவே ஒரு கடிதம். நான் துடைத்தேன், அவள் இல்லாத நாளில் துடைத்தேன், அவள் நோட்டைப் பார்த்ததை நான் என் கண்ணால் பார்க்கவில்லை, ஊகித்ததை நடந்ததாகச் சொன்னேன் என்று எழுதியிருக்கிறேன். தபால் அலுவலக ரசீது என் கைப்பையில் இருக்கிறது. அந்த லேப் இடம் போகட்டும் என்று எழுத ஆசைதான். போகட்டும் என்று தோன்றவில்லை, எனக்கு அது வேண்டும். இருந்தும் அனுப்பினேன்.

ஏன் சொன்னேன் என்று கேட்டாய். கடிதம் வந்ததிலிருந்து யோசித்துப் பார்த்தேன். அழகான பதில் ஒன்றும் இல்லை.

நாற்பத்தொரு வயதில் படிக்க வந்தவள் நான். என் புருஷனின் அண்ணன் குடும்பம் மொத்தமும், "இவளுக்கு எதுக்கு இந்த வேல?" என்று காத்துக்கொண்டிருந்தார்கள். நீ பத்தொன்பது வயதில் எதையும் ஒரு முறை படித்தால் பிடித்துக்கொள்வாய். நான் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பேன். எல்லாச் சோதனையிலும் எனக்கு நீ சொல்லித்தந்தாய். அறிக்கை கொடுக்கிற அன்று உன் தாளில் ப்ரோட்டியஸ் என்று பார்த்தேன். எனக்குப் பயம் பிடித்தது. ப்ரூயிட் இரண்டையும் பார்த்தால் யார் யாரைப் பார்த்து எழுதியது என்று நினைப்பார்? கெட்டிக்காரப் பெண்ணைக் கிழவி பார்த்து எழுதினாள் என்றுதானே! அதனால் அவர் நினைப்பதற்கு முன் நான் போய்ச் சொன்னேன்.

உன்னைச் சந்தேகப்பட்டேன் என்பதுகூடப் பாதிதான் உண்மை. என்னைச் சந்தேகப்பட்டுவிடுவார்களோ என்று உன்னைத் தள்ளிவிட்டேன். பிறகு அதையே நானும் நம்பிக்கொண்டேன், அது வசதியாக இருந்தது. உன் முதல் கடிதத்திற்குப் பதில் எழுதும்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் ஜனவரி என்று பேரம் பேசினேன்.

மீயைப் பற்றிக் கேட்டாய். அந்தப் பிள்ளை ஒன்றும் செய்யவில்லை, நான்தான் செய்தேன் என்று ப்ரூயிட்டுக்கு எழுதிய கடிதத்தில் அவள் பெயரையும் போட்டு எழுதிவிட்டேன்.

மன்னித்துவிடு என்று கேட்கிறேன். இப்போது என்ன நடந்தது என்று தெரியும், அதனால் கேட்கலாம்.

தட்டில் என்ன வந்தது என்று தெரிந்துகொள்ள எனக்கு மண்டை காய்கிறது. அதைக் கேட்க எனக்கு உரிமை இல்லை, இருந்தாலும் கேட்கிறேன்.

டியோலிண்டா


24 நவம்பர் 1996, ஞாயிறு

லிண்டா அக்காவுக்கு,

முதலில் முடிந்ததைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை ப்ரூயிட் மதிப்பெண் மாற்றும் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். B. விண்ணப்பத்தை நேற்றே தபாலில் சேர்த்துவிட்டேன். அம்மா சந்தைக்கு நீளப் பயற்றங்காயைக் கட்டுகளாகக் கட்டிக்கொண்டிருந்தார். சொன்னேன். "அப்போ முன்னாடி போட்டது யாரு தப்பு?" என்றார். "கொஞ்சம் எல்லாரும்," என்றேன். "அப்ப சரி," என்று அடுத்த கட்டைக் கட்டினார்.

மீ இப்போது இரண்டாவது வரிசையில், அவளுடைய தோழி பக்கத்தில் இருக்கிறாள். ப்ரூயிட்டே வகுப்பில் எல்லோர் முன்னாலும், "மீ, உனக்குப் பிடிச்ச இடத்துல உக்காரு, நான்தான் தப்பா நெனச்சுட்டேன்" என்றாராம். மீக்கு வெட்கம் தாங்கவில்லை.

உங்கள் நோட்டைப் பற்றி ப்ரூயிட் என்னிடம் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். மார்ச் 14 பக்கத்தை இரண்டு முறை படித்தார். பிறகு, "மூணு தடவ சொன்னேன் இவகிட்ட!" என்று மேசையைத் தட்டினார். பிறகு, "ஆனா எழுதி வச்சிருக்கா பாரு. தன் தப்பத் தன் கையாலயே எழுதி வச்சவ வேற யாரு இருக்கா என் வகுப்புல," என்றார். பரிந்துரையில் என்ன எழுதப் போகிறார் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இனி தட்டுகள். நவம்பர் 5, செவ்வாய்க்கிழமை திறந்தோம்.

துடைக்காத இரண்டிலும் மஞ்சள், சின்னச் சின்னதாக, பளபளவென்று. இருபத்து மூன்றை முதலில் துடைத்த இரண்டிலும் மஞ்சள்தான். உங்களுடையதை முதலில் துடைத்த இரண்டில் தட்டு முழுக்க அலை, வளையம் வளையமாக, அந்த நாற்றத்தோடு. என் மார்ச் 19 பக்கத்தில் நான் வரைந்த படம் அப்படியே. அந்தப் படலத்துக்கு அடியில் உற்றுப் பார்த்தால் மஞ்சள் புள்ளிகள் அங்கங்கே இருந்தன. மார்ச்சிலும் இருந்திருக்கின்றன அக்கா. நோட்டின் ஓரத்தில் எழுதியிருக்கிறேன்: "மஞ்சள், காற்றிலிருந்து விழுந்த தூசியாக இருக்கும்." அந்த மஞ்சள் கிருமி காற்றில் எங்கும் இருக்கும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். படித்ததால் வந்த வினை. என் குழாயில் இருந்ததைத் தூசி என்று தள்ளிவிட்டு, வந்து ஒட்டியதை என்னுடையது என்று ஆறு வாரம் வளர்த்தேன். அடித்த அந்தச் சாய வரியும் சரியாகத்தான் இருந்திருக்கிறது. நீங்கள் துடைத்தது உங்கள் தப்பு. இரண்டு முறை கண்ணால் பார்த்ததை நான் நம்பாதது என் தப்பு. இதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எழுதாதது நடக்கவே இல்லை அல்லவா.

உங்களை மன்னித்துவிட்டேனா என்று தெரியவில்லை. போய்ச் சொன்னீர்களே, அதை நினைத்தால் இப்போதும் சாப்பாடு இறங்குவதில்லை. ஏன் என்று நீங்கள் எழுதியது உண்மை என்று தெரிகிறது. உண்மையாக இருப்பதால் இன்னும் கஷ்டமாக இருக்கிறது. நான் பல்கலைக்கழகத்துக்கு வந்தால் உங்களைப் பார்க்க வருவேனா, இப்போது சொல்ல முடியாது.

ஆனால் ஒன்று நடந்தது, அதை மறைப்பது சரியில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை உங்கள் கடைசிக் கடிதம் இன்னும் வரவில்லை. நீங்கள் என்னைப் பற்றிப் போய்ச் சொன்னது எனக்குத் தெரியும், நோட்டை அனுப்புவீர்களா என்று தெரியாது. உங்கள் மேல் அவ்வளவு ஆத்திரத்தோடுதான் இன்குபேட்டரைத் திறந்தேன். ஐந்தாவது தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். படலத்துக்கு அடியில் மஞ்சள் தெரிந்தது. எல்லாம் ஒரே நொடியில் புரிந்தது. ப்ரூயிட் எனக்கு இடப்பக்கம் நின்றுகொண்டிருந்தார். நான் வலப்பக்கம் திரும்பி, யாரும் இல்லாத உங்கள் முக்காலியைப் பார்த்து, வாய்விட்டுச் சத்தமாகவே சொல்லிவிட்டேன்: "அக்கா, இங்க வாங்களேன், சீக்கிரம் வந்து பாருங்களேன்!"

பாஹுவா